தொழிற்பகுதி நில வகைப்பாடு (தமிழ்நாடு)

தொழிற்பகுதி நில வகைப்பாடு என்பது, ஒரு நகரத்திலோ வட்டாரத்திலோ தொழிற்சாலைகள், பண்டகசாலைகள், தொழிற்பேட்டைகள், தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் முதலியவை எந்த நிலத்தில் அமையலாம், எந்த நிலத்தில் அமையக்கூடாது என்பதை அரசு முன்கூட்டியே வரையறுத்து வைக்கும் முறை ஆகும். இது நகரத் திட்டமிடலின் ஒரு கூறு. இதைக் குறிக்க மண்டலப்படுத்தல் என்ற சொல்லும், இலங்கைத் தமிழில் வலயப்படுத்தல் என்ற சொல்லும் வழங்குகின்றன. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் பெரும்பாலும் நில வகைப்பாடு, நிலப் பயன்பாடு ஆகிய சொற்களே காணப்படுகின்றன.

பாடநூல்கள் கூறும் வரிசைப்படி, முதலில் வரைபடம் தீட்டப்படுகிறது. பின்னர் அதில் தொழிலுக்கென ஒதுக்கிய இடத்துக்குத் தொழிற்சாலை வருகிறது. சென்னை மாநகரைப் பொறுத்தவரை இது ஓரளவு பொருந்தும். ஆனால் திருப்பெரும்புதூர், ஒரகடம், செய்யாறு போன்ற இடங்களில் எழுந்த பெரிய தொழிற்பூங்காக்களுக்கு இது பொருந்தாது. அங்கே நிலம் கையகப்படுத்தும் அரசாணைதான் முதலில் வந்தது. வகைப்பாடு அதைத் தொடர்ந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்மேற்கில், உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள மானாம்பதி போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்று அன்று.

தோற்றம்

தொழிலுக்கென்று தனி இடம் ஒதுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் தொழிற்புரட்சியின் பின்விளைவாகத் தோன்றியது. 1896இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு அருகில் தொடங்கப்பட்ட டிராஃபோர்டு பூங்கா, உலகின் முதலாவது திட்டமிட்ட தொழிற்பேட்டை எனக் கருதப்படுகிறது. செருமனியின் பிராங்க்ஃபர்ட் நகரம் 1891இலேயே நகரைப் பகுதிகளாகப் பிரித்து விதிகள் வகுத்திருந்தது. 1916இல் நியூயார்க் நகரம் முழு நகருக்குமான மண்டல விதிகளை இயற்றியது.

இத்தகைய விதிகள் சொத்துரிமையைப் பறிக்கின்றனவா என்ற கேள்வி 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒகையோ மாநிலத்தில் யூக்ளிட் என்னும் சிற்றூர், ஆம்ப்ளர் என்ற நில நிறுவனத்தின் 68 ஏக்கர் நிலத்தில் ஒரு பகுதியைக் குடியிருப்புக்கென வகைப்படுத்தியது. தொழிற்சாலைக்கு விற்றால் கிடைக்கக்கூடிய விலை போய்விட்டது என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு ஊருக்குச் சார்பாக அமைந்தது. அங்கே நிலத்தின் உரிமையாளர் தொழிற்சாலையை விரும்பினார், ஊர் மறுத்தது. தமிழ்நாட்டு வழக்குகள் பலவற்றில் இந்த நிலை தலைகீழாக இருப்பதைக் காணலாம்.

சென்னை மாகாணத்தில் நகரத் திட்டமிடலுக்கான சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. இந்தியாவில் பம்பாய் (1915) மட்டுமே இதில் முந்தியது. விடுதலைக்குப் பிறகு 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை உருவானது; 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஏற்றுமதிக்கான மண்டலங்கள் வேறொரு கிளை. குசராத்தின் காண்ட்லாவில் 1965இலும், இலங்கையின் கட்டுநாயக்கவில் 1978இலும், சென்னைத் தாம்பரத்தில் 1984இலும் இவை தொடங்கின. பிற்காலத்தில் 2005ஆம் ஆண்டின் சட்டம் இவற்றைச் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் என்ற பெயரில் விரிவாக்கியது.

சட்ட அமைப்பு

தமிழ்நாட்டில் நில வகைப்பாட்டுக்கு அடிப்படையாக இருப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ஆகும். இச்சட்டப்படி, திட்டப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்துக்கு ஒரு முழுமைத் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும். வரைவுத் திட்டம் வெளியிடப்பட்டபின், மக்கள் தம் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தரப்படும். பின்னர் அரசின் ஒப்புதலுடன் திட்டம் நடைமுறைக்கு வரும். அதன்பின் அப்பகுதியில் கட்டடம் கட்டவோ நிலத்தின் பயன்பாட்டை மாற்றவோ திட்ட அனுமதி பெறவேண்டும். ஒருமுறை ஒப்புதல் பெற்ற திட்டத்தையும் 32ஆம் பிரிவின்கீழ் திருத்தலாம். நாளிதழ்களின் உட்பக்கங்களில் சிறிய எழுத்தில் வரும் 'நில வகைப்பாடு மாற்றம்' என்ற அறிவிப்புகள் இப்பிரிவைச் சார்ந்தவை. புல எண்ணும் பரப்பும் மட்டும் கொண்ட அந்த அறிவிப்பைப் படித்து ஆட்சேபம் தெரிவிப்போர் மிகச் சிலரே.

சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், மாநிலத்தின் பிற பகுதிகளுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமும் இப்பணிக்குப் பொறுப்பாக உள்ளன. சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976இல் ஒப்புதல் பெற்றது. 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பை உள்ளடக்கியது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில், திறந்தவெளி, வேளாண்மை முதலிய வகைகளாக அத்திட்டம் நிலத்தைப் பிரித்தது. 2019இல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன.

இவ்விதிகளின்படி தொழில் என்பது ஒரே வகை அன்று. சிறிய மின்விசை கொண்ட குடிசைத் தொழில்கள் குடியிருப்புப் பகுதியிலும் நடைபெறலாம். மாசும் ஓசையும் கூடுதலாக உள்ளவை தொழிற்பகுதிக்கு உரியவை. தீப்பற்றும் பொருள், நச்சு வேதிப்பொருள் ஆகியவற்றைக் கையாள்பவை சிறப்பு மற்றும் அபாயகரமான தொழிற்பகுதிக்கு உரியவை. மென்பொருள் நிறுவனங்களுக்கான பூங்காக்கள் புகைபோக்கி இல்லாத தொழில்கள் என்பதால், அவற்றுக்குத் தனிச் சலுகைகள் வழங்கப்பட்டன. சென்னையில் பிற கட்டடங்களுக்கு அனுமதிக்கப்பட்டதைவிட ஒன்றரை மடங்கு தளப் பரப்புக் குறியீடு அவற்றுக்குக் கிடைத்தது. நிலத்தின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்பதைக் குறிக்கும் எண்ணே தளப் பரப்புக் குறியீடு எனப்படுகிறது.

ஒரு நிலம், மூன்று பதிவுகள்

நில வகைப்பாட்டைப் புரிந்துகொள்வதில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே நிலம் மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் மூன்று வெவ்வேறு வகைகளாகப் பதிவாகியிருக்கலாம். ஒன்று மாறினால் மற்றவை தாமே மாறிவிடுவதில்லை.

முதலாவது வருவாய்த் துறையின் பதிவு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணும் நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என ஏதேனும் ஒரு வகையில் எழுதப்பட்டிருக்கும். புறம்போக்கிலும் ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால், சுடுகாடு எனப் பிரிவுகள் உண்டு. இது வரி விதிப்புக்காகத் தோன்றிய பதிவு. நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைக் கூறுவது இதன் நோக்கம் அன்று.

இரண்டாவது திட்டமிடல் துறையின் வரைபடம். ஒரு நிலம் வருவாய்ப் பதிவேட்டில் நன்செய் என இருந்தாலும், முழுமைத் திட்டத்தில் தொழிற்பகுதி எனக் குறிக்கப்பட்டிருக்கலாம். அதில் உழவர் தொடர்ந்து நெல் பயிரிட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அங்கே ஆலை கட்ட முன்வருவோருக்கு வகைப்பாடு தடையாக இராது. மாறாக, பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் நிலம் வேளாண் பகுதி எனக் குறிக்கப்பட்டிருந்தால், ஆலை கட்ட வகைப்பாட்டு மாற்றம் தேவைப்படும்.

மூன்றாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறப் பிரிவு. இது நிலத்துக்கு அன்று, தொழிலுக்கு உரியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் வெளியிட்ட முறைப்படி, மாசுக் குறியீடு 60 அல்லது அதற்கு மேல் இருந்த தொழில்கள் சிவப்பு எனப் பிரிக்கப்பட்டன. 41 முதல் 59 வரை ஆரஞ்சு. 21 முதல் 40 வரை பச்சை. 20 வரை வெள்ளை. எந்த நிறம் எங்கே வரலாம் என்பதற்குத் தூர வரம்புகளும் உண்டு. ஆறு, ஏரி முதலிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு ஏற்படுத்தும் தொழில்கள் அமையக்கூடாது என 1989இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. 1998இல் பாலாறு, காவிரி உள்ளிட்ட சில ஆறுகளுக்கு இவ்வரம்பு ஐந்து கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது.

இவ்வாணைகள் வெறுமனே வந்தவை அல்ல. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடு முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு முன்னோடியாக அமைந்தது. சிப்காட் நிறுவனத்தின் முதல் தொழில் வளாகம் அமைந்த இராணிப்பேட்டையிலேயே, 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமியத் தொழிற்சாலை விட்டுச்சென்ற நச்சுக் கழிவு ஒரு இலட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்தது. வகைப்பாட்டின்படி அந்த ஆலை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. நிலத்தடி நீர் வகைப்பாட்டு எல்லைக்குள் நின்றுவிடாது என்பதே அங்கு நேர்ந்த சிக்கல்.

சென்னை நகரில்

வகைப்பாடு முறையாக இயங்கிய இடங்களுக்கும் இயங்காத இடங்களுக்கும் சென்னையிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. 1960களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்த மணலி, அபாயகரமான தொழில்களுக்கான பகுதியாக வகுக்கப்பட்டது. நகரின் வடகோடியில், துறைமுகத்துக்கும் கடலுக்கும் அருகில் இருப்பதால் பொருத்தமான இடமாகவே தோன்றியது. ஆனால் தொழிற்சாலைக்கு வேலைக்கு வருவோர் தொலைவில் குடியிருக்க இயலாது. வேலையைச் சுற்றி வீடுகள் எழுந்தன. பின்னர் நகரமும் விரிந்து வந்து சேர்ந்தது. இன்று மணலி மாநகராட்சியின் ஒரு மண்டலம். குடியிருப்பையும் அபாயத் தொழிலையும் பிரித்து வைக்க வரையப்பட்ட கோட்டின் இரு புறமும் மக்கள் வாழ்கின்றனர்.

தென்பகுதியின் கதை வேறு. தரமணியில் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பழைய மாமல்லபுரம் சாலை, தகவல் தொழில்நுட்ப வழித்தடமாக அறிவிக்கப்பட்டு, இராசீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்றது. பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என அலுவலகக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. அச்சாலையின் மேற்கே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பல ஊர்களின் ஏரிகளிலிருந்து வழியும் மழைநீரைத் தாங்கிக் கடலுக்கு அனுப்பும் இடம். வருவாய்ப் பதிவேட்டில் அதன் பெரும்பகுதி கழுவெளிப் புறம்போக்கு. அதாவது வரி தராத, எனவே பயனற்றதாகக் கருதப்பட்ட நிலம். அதன் ஒரு பகுதி குப்பைக் கிடங்காகவும் மற்றொரு பகுதி கட்டடங்களாகவும் ஆனது. எஞ்சியது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வரிக்காக எழுதப்பட்ட ஒரு சொல் ஒரு சதுப்புநிலத்தின் விதியைப் பல பத்தாண்டுகள் தீர்மானித்தது என்பது கவனிக்கத்தக்கது.

திட்டப் பகுதிக்கு வெளியே: மானாம்பதி வட்டாரம்

மானாம்பதி காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையை ஒட்டிய ஊர். சுற்றிலும் ஏரிப் பாசனம் சார்ந்த நெல் வயல்களும், மழையை நம்பிய மேட்டு நிலங்களும் உள்ளன. சேயாறு இவ்வட்டாரத்தின் வழியாகச் சென்று, திருமுக்கூடலில் பாலாற்றுடனும் வேகவதியுடனும் சேர்கிறது. இதே சாலையில் காஞ்சிபுரம் நோக்கிச் சென்றால், திருவண்ணாமலை மாவட்டத்தின் எல்லைக்குள் மாங்கால் கூட்டுச்சாலை வருகிறது. செய்யாறு சிப்காட் எனப்படும் தொழிற்பூங்கா அங்கேதான் அமைந்துள்ளது. பெயர் செய்யாறு என்றாலும் அது செய்யாறு நகரத்தில் இல்லை.

இத்தகைய ஊர்கள் நீண்ட காலம் எந்த முழுமைத் திட்டத்துக்குள்ளும் இல்லாதவை. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள ஊரில் குடியிருப்பு, வணிகம், தொழில் என வண்ணம் தீட்டிய வரைபடம் கிடையாது. வருவாய்ப் பதிவேடு மட்டுமே உண்டு. அங்கே தனியார் ஒருவர் வேளாண் நிலத்தில் ஆலை கட்ட விரும்பினால், நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 47-அ பிரிவும், அதன்கீழ் 2017இல் வந்த விதிகளும் பொருந்தும். வேளாண்மைத் துறையின் கருத்து பெறப்பட வேண்டும். நன்செய் நிலமாயின் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். 2016இல் அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததன் பின்னணியிலேயே இவ்விதிகள் விரைவாக வந்தன.

ஆனால் சிப்காட் போன்ற அரசு நிறுவனம் பல நூறு ஏக்கர் பரப்பில் பூங்கா அமைக்கும்போது நடப்பது வேறு. முதலில் தொழில் துறை இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. நெடுஞ்சாலை, துறைமுகத் தொலைவு, மின்சாரம், நீர், நிலத்தின் விலை, அரசுப் புறம்போக்கின் அளவு ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. நிர்வாக ஒப்புதல் ஆணை வந்தபின், நிலமெடுப்புக்கெனத் தனி வருவாய் அலுவலர்கள் நியமிக்கப்பட்டு, புல எண் வாரியாகப் பட்டியல் தயாராகிறது. பட்டா நிலம் கையகப்படுத்தப்படுகிறது. புறம்போக்கு நிலம் துறைக்குத் துறை மாற்றம் செய்யப்படுகிறது. பின்னர் மனைப்பிரிவு வரைபடம் அங்கீகரிக்கப்பட்டு, தொழிற்கூடங்களுக்கு 99 ஆண்டுக் குத்தகையில் மனைகள் ஒதுக்கப்படுகின்றன. நிலம் முழுவதும் அரசு நிறுவனத்திடம் இருக்க, ஆலைகள் குத்தகைதாரர்களாக இருக்கும் இம்முறையைச் சிங்கப்பூரின் சூரோங்கு 1960களில் பெரிய அளவில் செயற்படுத்திக் காட்டியது.

இதன் பயன் உண்மையானது. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பேர் பணிபுரிகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சுற்று வட்டாரக் கிராமப் பெண்கள். ஆலைப் பேருந்துகள் விடியற்காலையில் கூட்டுச்சாலைகளில் நிற்பது இப்பகுதியில் அன்றாடக் காட்சி. நாற்று நடவிலும் களையெடுப்பிலும் கிடைக்காத மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் இங்கே கிடைக்கின்றன. ஆகவே ஊர்களில் கருத்து ஒன்றாக இருப்பதில்லை. ஒரே வீட்டில் மகள் சிப்காட் வேலைக்குச் செல்ல, தந்தை அடுத்த கட்ட நிலமெடுப்பை எதிர்ப்பதும் இயல்பானதே.

நிலமெடுப்புச் சட்டங்கள்

தொழிலுக்கென நிலமெடுக்கத் தமிழ்நாடு 1997இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் எனப்படும் இது, 2001இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளருக்கு விளக்கம் கேட்கும் அறிவிப்பு, விசாரணை, பின்னர் அரசிதழ் அறிவிக்கை என்ற மூன்று படிகளில் நிலம் அரசைச் சேர்ந்துவிடும். 2013இல் நடுவண் அரசு இயற்றிய நிலமெடுப்புச் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டையும், தனியார் திட்டங்களுக்கு நிலம் இழப்போரில் 80 விழுக்காட்டினரின் இசைவையும், அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 விழுக்காட்டினரின் இசைவையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு ஒரு திருத்தத்தின் வழியாகத் தன் சட்டங்களுக்கு இவற்றிலிருந்து விலக்குப் பெற்றது. இழப்பீட்டுக் கணக்கீடு மட்டும் புதிய சட்டப்படி அமைந்தது. 2019 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்குச் செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டப்பேரவை ஒரு புதுப்பித்தல் சட்டம் கொண்டுவந்தது. 2021 சூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என உறுதி செய்தது.

இழப்பீட்டுக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. நிலத்தின் சந்தை மதிப்பு, வழிகாட்டி மதிப்பையோ முந்தைய மூன்று ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் பதிவான விற்பனை ஆவணங்களில் விலை மிகுந்த பாதியின் சராசரியையோ ஒட்டிக் கணிக்கப்படுகிறது. ஊர்ப்புறங்களில் முத்திரைக் கட்டணத்தைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதுவது நெடுங்கால வழக்கம். அன்று மிச்சப்படுத்திய சில ஆயிரம் ரூபாய், பின்னாளில் இழப்பீட்டில் பல மடங்காகக் கழிகிறது. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுவோர், பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத காரணத்தால், தம் உரிமையை மெய்ப்பிப்பதே கடினம்.

ஏரியும் மேய்க்காலும்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் ஏரிகள் மிகுந்தவை. இங்கே ஓர் ஏரி தனித்து நிற்பதில்லை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் நீர், போக்குக் கால்வாயில் சென்று கீழ் ஏரிக்கு வரத்தாகிறது. இவ்வாறு ஊர் ஊராகச் சங்கிலி நீளும். தொழிற்பூங்காவுக்கு நிலம் வகுக்கும்போது ஏரியின் நீர்ப்பரப்பு பெரும்பாலும் விட்டுவைக்கப்படுகிறது. ஆனால் ஏரி என்பது நீர்ப்பரப்பு மட்டும் அன்று. வரத்துக் கால்வாயும், மழைநீர் வழிந்தோடி வரும் மேட்டு நிலமும் சேர்ந்தே ஏரி. மேட்டு நிலம் பதிவேட்டில் புன்செய் என்றோ மேய்க்கால் புறம்போக்கு என்றோ இருப்பதால், ஆலை கட்டப் பொருத்தமான 'தரிசு' எனத் தோன்றுகிறது. அதைச் சமப்படுத்திச் சுற்றுச்சுவர் எழுப்பியபின், பல கிலோமீட்டர் தள்ளியுள்ள நன்செய்க்கு நீர் குறைகிறது; அந்த நன்செய் வரைபடத்தில் தீண்டப்படாமலேயே இருக்கும். 2007இல் இயற்றப்பட்ட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கானது. நீர்பிடிப்பு மேட்டு நிலத்தை அது காப்பதில்லை.

மேய்க்கால் நிலம் பறிபோவதில் இழப்பீடும் கிடையாது. அது அரசு நிலம். எனவே எவருக்கும் விலை தர வேண்டியதில்லை. ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் நிலமற்ற குடும்பங்களுக்கு அதுவே வாழ்வாதாரம். அவர்கள் நிலம் இழந்தோர் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

2023இல் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 எக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களின் எல்லைக்குள் வரும் நீர்நிலைகள் உள்ளிட்ட அரசு நிலங்களைத் திட்டத்துடன் ஒருங்கிணைக்க வழிசெய்கிறது. உழவர் அமைப்புகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் இதைக் கடுமையாக எதிர்த்தனர்.

மானாம்பதிக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரின் கல்வெட்டுகளை இங்கே நினைவுகூரலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் (கி.பி. 919, 921) சேர்ந்த அவை குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்ன செய்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தோருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். அதாவது தோட்ட நிலத்தையும் ஏரியையும் ஊரே மேற்பார்த்தது. இதை இன்றைய மக்களாட்சியுடன் ஒப்பிடுவோர் ஒன்றை மறந்துவிடக்கூடாது: அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை. கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையோர் மட்டுமே குடவோலைக்கு உரியவர். நிலமற்றோர் அன்றும் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தனர்.

எதிர்ப்புகள்

செய்யாறு சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கென, செய்யாறு வட்டத்தில் மேல்மா உள்ளிட்ட ஊர்களில் 3,174 ஏக்கர் நிலம் எடுக்கத் திட்டமிடப்பட்டது. 2023 சூலை முதல் உழவர்கள் தொடர் போராட்டம் நடத்தினர். அதே ஆண்டு நவம்பரில் போராடியோர் பலர் கைது செய்யப்பட்டு, அவர்களுள் 7 பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டது. மாநிலமெங்கும் கண்டனம் எழுந்ததை அடுத்து, 6 பேர் மீதான ஆணைகள் சில நாட்களில் விலக்கிக்கொள்ளப்பட்டன. கரிசல் போன்ற மானாவாரி நிலம் அன்று அது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் விளையும் நிலம் என்பது உழவர்களின் வாதம். எஞ்சிய விளைநிலத்தைக் காக்க வேலைவாய்ப்பைத் துறக்க இயலாது என்பது மறுதரப்பின் வாதம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூரில், சென்னைக்கான இரண்டாவது வானூர்தி நிலையம் 2022 ஆகத்தில் அறிவிக்கப்பட்டது. 13 ஊர்களின் நிலத்தை உள்ளடக்கிய அத்திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் நெடுநாள் போராடினர். ஊராட்சியின் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியது. கிராம சபைத் தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை.

மக்கள் கருத்துக்கு இடமளிக்கும் மற்றொரு வாயில், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஆகும். குறிப்பிட்ட வகைத் தொழிற்பூங்காக்கள் முன்னனுமதி பெறுமுன், மாவட்ட அளவில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெற வேண்டும். ஆயினும், பூங்காவுக்கு அனுமதி கிடைத்தபின் அதனுள் வரும் தனி ஆலைகளில் பலவற்றுக்குத் தனிக் கூட்டம் தேவையில்லை. எந்த ஆலைகள் வரும் என்று தெரியாத நிலையில் கூட்டம் நடக்கிறது. தெரியவரும்போது கூட்டம் இல்லை.

ஆலை மூடப்பட்ட பின்

தொழிற்பகுதி என்ற வகைப்பாடு ஆலையைவிட நீண்ட ஆயுள் உடையது. திருப்பெரும்புதூர் சிப்காட்டில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, வரி வழக்குகளுக்கும் நிறுவனத்தின் உலகளாவிய மாற்றங்களுக்கும் இடையே 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. பல்லாயிரம் தொழிலாளர்கள், அவர்களுள் இளம்பெண்கள் மிகுதி, வேலை இழந்தனர். கட்டடங்கள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்தபின், வேறொரு மின்னணு நிறுவனத்திடம் சென்றன. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2022இல் மகிழுந்து உற்பத்தியை நிறுத்தியபோதும் நிலம் தொழில் நிலமாகவே நீடித்தது.

நகருக்குள் நிலைமை வேறு. பெரம்பூரில் நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது; அந்நிலம் பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சென்றது. கிண்டித் தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருந்த மனைகளில் கண்ணாடி முகப்புடைய அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. தொழில் நிலம் குடியிருப்பாகவும் வணிகமாகவும் மாறுவதற்கு விதிகளில் வழி உண்டு. கான்கிரீட் தளம் போட்ட நிலத்தை மீண்டும் நன்செய் ஆக்குவதற்கும் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. மண்ணின் மேலடுக்கு அகற்றப்பட்டு, வரத்துக் கால்வாய் தூர்ந்த பிறகு, அத்தகைய விண்ணப்பத்துடன் எவரும் வருவதில்லை.